ஒன்பதாம் நாள் பூ

சிங்கப்பூரில் வருஷத்தில் சில காலைகள் கொஞ்சம் வேறு மாதிரி விடியும். நேற்றுவரை சும்மா பச்சையாக நின்ற சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். நல்ல இனிப்பான வாசனை வேறு. "அட, இந்த மரம் இப்படியா பூக்கும்?" என்று தோன்றும். பூத்தது மரம் இல்லை, மரத்தின்மேல் தொற்றி வாழும் ஒரு ஆர்க்கிட். அடுத்த தெருவிலும் அதே காலையில் அதே பூதான். சாயங்காலம் எல்லாம் வாட ஆரம்பித்துவிடும். மறுநாள் வந்து போட்டோ எடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

புறா ஆர்க்கிட் என்று சொல்வார்கள். பக்கவாட்டில் பார்த்தால் பறக்கிற வெள்ளைப் புறா மாதிரியே இருக்கும். தாவரவியல் பெயர் டென்ட்ரோபியம் க்ருமெனாட்டம். இலங்கை, அந்தமான் தொடங்கி மலாய் தீபகற்பம், ஜாவா, பிலிப்பைன்ஸ் வரை இதன் வீடு. இதைப் புல்லுருவி என்று நினைத்துவிடாதீர்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். இதற்கு மரம் உட்கார ஒரு இடம், அவ்வளவுதான். மழைத் தண்ணீரையும் பட்டையில் சேரும் சருகு மட்கையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும்.

சரி, எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் பூக்கணும் என்று யார் சொன்னது?

இந்தக் கேள்வி ஜாவாவில் டச்சுக்காரர்களை ரொம்ப நாள் குடைந்தது. அங்கே 1817இல் அவர்கள் தொடங்கிய பைட்டன்ஸோர்க் தாவரவியல் தோட்டம் (இன்றைய போகோர்) வெப்பமண்டலச் செடிகளுக்குப் பெரிய ஆய்வுக்கூடமாக வளர்ந்திருந்தது. வென்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1898இலேயே இந்தப் பூவின் கால ஒழுங்கைப் பற்றி எழுதினார். பலத்த மழைக்குச் சில நாள் கழித்துப் பூக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் மழையில் எது காரணம்? தண்ணீரா, வேறு ஏதாவதா? 1926இல் கோஸ்டர் என்பவர் விடையை வெளியிட்டார். தண்ணீர் இல்லை, குளிர்ச்சிதான் காரணம். மொட்டுகள் ஒரு கட்டம்வரை வளர்ந்து அப்படியே தூங்கிப்போகும். இடிமழை வந்து வெப்பநிலை சட்டென்று 5 டிகிரி அளவுக்கு இறங்கினால் விழித்துக்கொள்ளும். பிறகு ஏறக்குறைய 9 நாள். ஒரே மழையில் நனைந்த ஊரில் எல்லா மொட்டுக்கும் கணக்கு ஒரே நேரத்தில் தொடங்கிவிடுகிறது.

இதில் அழகைவிடப் பிழைப்பு முக்கியம். பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய்க்காத செடி இது. தேனீ இன்னொரு செடியிலிருந்து மகரந்தம் கொண்டுவர வேண்டும். ஆயுளோ ஒரு பகல். தனியாகப் பூத்தால் அந்தப் பூ வீண்.

தோட்டக்கலை போன பாதை வேறு. 1859இல் தொடங்கிய சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில், இயக்குநர் ஹோல்ட்டம் 1928இல் ஆர்க்கிட் கலப்பினங்களை உருவாக்கத் தொடங்கினார். கண்ணாடிக் குடுவையில் விதை முளைக்கவைத்து வளர்க்கும் முறை அவர் கையில் இருந்தது. வாரக்கணக்கில் வாடாத, அடிக்கடி பூக்கிற, விமானத்தில் ஏற்றினாலும் கசங்காத பூக்களுக்குத்தான் சந்தை இருந்தது. அப்படியொரு தொழிலே அங்கே வளர்ந்தது. 1981இல் தேசிய மலராகத் தேர்வானதும் ஒரு கலப்பினம்தான்: வாண்டா மிஸ் ஜோக்கிம். புறா ஆர்க்கிட்டை ஹோல்ட்டம் அறியாதவர் இல்லை. 1953இல் வந்த அவருடைய மலாயா ஆர்க்கிட் நூலில் இதுவும் உண்டு. ஆனால் ஒரு பகலில் வாடுகிற பூவை யார் விற்பது?

இதற்கிடையில் காடுகள் போயின. சிங்கப்பூரின் சொந்த ஆர்க்கிட் இனங்களில் பெரும்பாலானவை அங்கே அழிந்தேவிட்டன. தன் நகரத்துக்குப் புதுப்புது ஆர்க்கிட்டுகளை உண்டாக்கிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டு, அங்கே ஏற்கெனவே இருந்தவற்றைத் தொலைத்தது. யாரும் விலை வைக்காத புறா ஆர்க்கிட் தப்பித்தது. அதன் விதை தூசி மாதிரி, காற்றில் போகும். நிழலுக்காக அமெரிக்க நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட தூங்குமூஞ்சி மரங்களின் சொரசொரப்பான பட்டையில் அது தானாகவே குடியேறிக்கொண்டது. 1995இல்தான் சொந்த ஆர்க்கிட்டுகளை மீட்கும் திட்டம் அங்கே தொடங்கியது. அதே குடுவை முறை, இந்த முறை சந்தைக்காக இல்லை. குடுவையில் வளர்த்த நாற்றுகளைக் கொண்டுபோய்ப் பூங்கா மரங்களிலும் சாலையோர மரங்களிலும் கட்டினார்கள்.

தோட்டத்தில் இதை வளர்க்க ஆசையா? வெயில் கொஞ்சம் விழுகிற, பட்டை சொரசொரப்பான மரமாகப் பார்த்துக் கட்டிவிடுங்கள். வேர் பிடித்துக்கொள்ளும்வரை தண்ணீர் தெளியுங்கள். எவ்வளவு உரம் போட்டாலும் நீங்கள் கேட்ட நாளில் பூக்காது. ஏதோ ஒரு மத்தியானம் இடிமழை கொட்டி உடம்பு சிலிர்க்கும். அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒன்பதாம் நாள் காலையில் வேலைக்கு லீவு போட முடியுமா என்றும் பாருங்கள்.