1602/மாஸ்/1998: ஓர் எண்ணின் தடம் பிடித்து

நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று வழங்கிய தீர்ப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்குக் காப்புரிமை உண்டா இல்லையா என்ற வழக்கு அது. மருந்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். என் கண் நின்றது அந்த விண்ணப்பத்தின் எண்ணில்: 1602/மாஸ்/1998. முன்னால் இருப்பது வரிசை எண், பின்னால் இருப்பது ஆண்டு. நடுவில் இருக்கும் 'மாஸ்' என்ன?

முதலில் ஒரு தவறான முடிவுக்கு வந்தேன். 1998இல் இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராது. அத்தகைய விண்ணப்பங்களை வாங்கி, 2005 வரை பிரிக்காமல் வைத்திருந்தார்கள். 'அஞ்சல் பெட்டி' ஏற்பாடு என்று அதற்குப் பெயர். 'மாஸ்' அந்தப் பெட்டிக்கான அடையாளம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதே காலத்து வேறு விண்ணப்ப எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. அவற்றின் நடுவில் 'கால்', 'பாம்', 'டெல்' என்று இருந்தன. கல்கத்தா, பம்பாய், டெல்லி. அப்படியானால் 'மாஸ்' என்பது மெட்ராஸ். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் அதே குறி. ஊரின் பெயர் 1996இலேயே சென்னை என்று மாறிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்தும் கோப்பில் மெட்ராஸ்தான். காப்புரிமை அலுவலகத்துக்கு நான்கு வாசல்கள் உண்டு என்பதை இந்த எண்தான் எனக்குச் சொன்னது.

அடுத்த தடயம், விண்ணப்பத்தை மறுத்தவர் யார் என்பது. 2006 ஜனவரி 25 அன்று மறுப்பு ஆணை பிறப்பித்தவர் சென்னை அலுவலகத்தின் உதவி கன்ட்ரோலர். 'கன்ட்ரோலர்' என்ற சொல்லை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தில் அது முடிவெடுக்கும் அதிகாரியைக் குறிக்கும். அவருக்குக் கீழே 'எக்ஸாமினர்', அதாவது பரிசோதகர். விண்ணப்பத்தைப் படிப்பவரும், இதே கண்டுபிடிப்பு முன்பே எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று தேடி அறிக்கை எழுதுபவரும் பரிசோதகர்தான். காப்புரிமை கொடுப்பதோ மறுப்பதோ அவர் கையில் இல்லை. அறிக்கை கன்ட்ரோலரிடம் போகும், முடிவு அவருடையது. ஒரே கோப்பு, இரண்டு கைகள்.

ஆனால் சட்டம் 'கன்ட்ரோலர்' என்று ஒருமையில்தான் பேசுகிறது. இணை, துணை, உதவி என்ற அடைமொழிகளோடு இருப்பவர்கள் எல்லாரும் அந்த ஒருவரின் மேற்பார்வையில், அவர் ஒப்படைத்த பணியைச் செய்பவர்கள். அந்த ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

கொல்கத்தா என்று எண்ணினேன். காப்புரிமை அலுவலகத்தின் தலைமையகம் அங்கேதான். விதிகளில் உள்ள எல்லைப் பட்டியலைப் பார்த்தபோது சிறு ஐயம் எழுந்தது. சென்னைக்குத் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறது. மும்பைக்கும் டெல்லிக்கும் அப்படியே. கொல்கத்தாவுக்கு மட்டும் 'இந்தியாவின் மீதிப் பகுதி' என்று ஒரே வரி. தலைமையகத்துக்கு வந்தது பந்தியின் கடைசி இலை.

ஐயத்தைத் தீர்த்தது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. அதை இரண்டு முறை படித்தேன். பக்கம் மாறிவிட்டதோ என்றுகூடத் தோன்றியது. காப்புரிமைக்கான கன்ட்ரோலரைக் காப்புரிமைச் சட்டம் நியமிக்கவில்லை! வணிகச் சின்னச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் கன்ட்ரோலர் ஜெனரலே இதற்கும் கன்ட்ரோலர் என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டமும், 1999ஆம் ஆண்டு புவிசார் குறியீட்டுச் சட்டமும் கைகாட்டுவது அதே நாற்காலியைத்தான். நான்கு சட்டங்களுக்கு ஒரே தலை. அந்த நாற்காலியின் முகவரி மும்பை, ஆண்டாப் ஹில். வணிகச் சின்னப் பதிவகத்தின் தலைமையகமும் மும்பையே.

ஏன் மும்பை? 1958ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் துணிகளுக்கென்றே தனி விதிகள் இருந்தன. பம்பாயோ துணி ஆலைகளின் நகரம். இரண்டையும் சேர்த்து வைத்தால் பொருந்துகிறது. பொருத்தம் வேறு, சான்று வேறு; ஆகவே அதை அந்த அளவிலேயே நிறுத்துகிறேன்.

கொல்கத்தாவுக்கான காரணம் இதைவிட உறுதியானது. இங்கும் ஒரு திருத்தம் செய்ய நேர்ந்தது. அலுவலகம் 1856இல் பிறந்தது என்று எழுதி வைத்திருந்தேன். அந்த ஆண்டு மார்ச் 3 அன்று, கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர் அரசுக்கு ஒரு மனு கொடுத்தார். பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகவும், அதற்குத் தனியுரிமை வேண்டும் என்றும் கேட்டார். பங்கா என்பது கூரையில் தொங்கும் பெரிய துணி விசிறி. கயிற்றை இழுத்து ஆட்ட ஆள் வேண்டும். செப்டம்பர் 2 அன்று விளக்கக் குறிப்பையும் வரைபடங்களையும் கொடுத்தார். உரிமை கிடைத்தது. ஆனால் மனுவைப் பெற்றது அரசு. காப்புரிமைக்கென்று ஓர் அலுவலகம் அப்போது கிடையாது. அந்த உரிமையைத் தந்த 1856ஆம் ஆண்டுச் சட்டமே மறு ஆண்டு ரத்தானது. பிரிட்டிஷ் மகுடத்தின் ஒப்புதல் பெறாமல் இயற்றியதுதான் குற்றம். 1859இல் புதிய சட்டம் வந்தது.

கன்ட்ரோலர் என்ற பதவி 1911 மார்ச் 1ஆம் தேதியிட்ட சட்டத்தில்தான் வருகிறது. அப்போது தலைநகர் கல்கத்தா. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, தலைநகர் டெல்லிக்குப் போகிறது என்று தர்பாரில் அறிவித்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1912 ஜனவரி 1. அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே 20 நாள். அரசு கிளம்பிப் போனது. அலுவலகம் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. புவிசார் குறியீட்டுப் பதிவகம் முழு நாட்டுக்கும் ஒன்றே ஒன்று. அது கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. வங்காளத்து டார்ஜிலிங் தேயிலை நாட்டின் முதல் புவிசார் குறியீடாகப் பதிவானது இங்கேதான்.

இந்த நாற்காலிகளில் உட்காரும் மனிதர்கள் யார்? 2023இல் பரிசோதகர் பணிக்கு வந்த அறிவிப்பு நல்ல சான்று. மொத்தம் 553 இடங்கள். மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியலுக்கு 108, இயந்திரவியலுக்கு 99, கணினிக்கு 63, வேதியியலுக்கு 56. நெசவுத் தொழில்நுட்பத்துக்கு 8, உலோகவியலுக்கு 4. நாட்டில் எந்தத் துறையிலிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன என்பதை இந்தப் பட்டியலிலிருந்தே ஊகிக்கலாம். இவர்கள் சட்டம் படித்து வருபவர்கள் அல்லர். அறிவியலும் பொறியியலும் படித்து வந்து, சட்டத்தை நாக்பூரில் உள்ள பயிற்சி நிறுவனத்தில் கற்பவர்கள். சட்டத்தின் 75ஆம் பிரிவு இவர்கள் மீது ஒரு பூட்டும் போடுகிறது: பணியில் இருக்கும்வரை, இந்த அலுவலகம் வழங்கும் எந்தக் காப்புரிமையிலும் இவர்கள் பங்கு பெற முடியாது. வாரிசாகவோ உயில் மூலமாகவோ வந்தால் மட்டும் விலக்கு.

இத்தனைக்குப் பிறகு மறுபடி எண்ணுக்கே வருகிறேன். 2016 முதல் எண்ணின் உருவமே மாறிவிட்டது. 12 இலக்கங்கள்; முதல் நான்கும் ஆண்டைக் குறிக்கும், ஐந்தாவது ஊரை. டெல்லி 1, மும்பை 2, கொல்கத்தா 3, சென்னை 4. ஆனால் விண்ணப்பங்களை இப்போது ஊர் பார்த்து அல்ல, துறை பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். சென்னையில் பதிவான கோப்பை டெல்லியில் இருக்கும் பரிசோதகர் படிக்கலாம். 1998இல் 'மாஸ்' என்றால் கோப்பு இருந்த இடமும் அதுவே, அதைத் தீர்மானித்த இடமும் அதுவே. இன்றைய 4 சொல்வது ஒன்றைத்தான்: விண்ணப்பம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை.