பாலே பயிற்சியில் கைப்பிடிக் கட்டையின் இடம்

பாலே நடனத்தின் அன்றாட வகுப்பு, சுவரையொட்டி ஏறத்தாழ இடுப்புயரத்தில் பொருத்தப்படும் ‘பார்’ என்னும் கைப்பிடிக் கட்டையருகே தொடங்குவது இன்று உலகெங்கும் வழக்கமாயினும், அங்கே செய்யப்படும் பயிற்சிகள் கட்டையை நம்பி உருவானவை அல்ல. கால்களை இடுப்பு மூட்டிலிருந்தே வெளிப்புறம் திருப்பி நிற்கும் நிலையை உடலுக்குப் பழக்கவே அவை ஏற்பட்டன. பதினான்காம் லூயி மன்னர் 1661-இல் பாரிசில் அரச நடனக் கழகத்தை நிறுவிய காலத்தவரான பியேர் போஷான் வகுத்ததாகக் கருதப்படும் ஐந்து பாதநிலைகளும் இந்தத் திருப்பத்தையே அடிப்படையாகக் கொண்டவை. அரண்மனைக் கூடத்தில் மிதமாக இருந்த அத்திருப்பம், நடனம் தொழில்முறைக் கலைஞர்களின் மேடைக்குப் போன பிறகு மேலும் மேலும் மிகுதியாக எதிர்பார்க்கப்பட்டது.

அதை விரைவில் அடைந்துவிடும் ஆசையில், பாதங்களைப் பொருத்தி வலிந்து திருப்பும் ஒருவகைப் பெட்டியும் பதினெட்டாம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. நடன அமைப்பாளர் ழான் ழோர்ழ் நொவேர், 1760-இல் வெளியான தம் கடிதங்களில் இக்கருவி தீங்கானதென்று கண்டித்து, காலால் வட்டமிடும் ‘ரோன் த ஜாம்ப்’, நீட்டிய காலை இடுப்பிலிருந்து வீசி உயர்த்தும் ‘கிரான் பத்மான்’ ஆகிய பயிற்சிகளையே பரிந்துரைத்தார். பாலே பயிற்சி வரலாற்றின் உண்மையான திருப்புமுனை இதுவே எனலாம். எலும்பை நெருக்கும் கருவியை விலக்கித் தசையின் பழக்கத்தை நம்பச் சொன்னவர் அவர்.

1820-இல் மிலானில் தம் நடன நூலை வெளியிட்ட கார்லோ பிளாசிஸ், அடிப்படைப் பயிற்சிகளை முதலில் உறுதியான ஒன்றைப் பற்றிக்கொண்டும் பின்னர் பற்றின்றியும் செய்யும் முறையை எடுத்துரைத்தார். 1837 முதல் மிலானின் லா ஸ்காலா அரங்கைச் சார்ந்த நடனப் பள்ளியையும் அவர் நடத்தினார். அவருடைய மாணவர் ஜியோவானி லெப்ரியிடம் பயின்ற என்ரிக்கோ செக்கெட்டி, பின்னாளில் பீட்டர்ஸ்பர்கிலும் லண்டனிலும் கற்பித்தபோது, கட்டையருகே செய்யும் பகுதியை நாள்தோறும் மாறாமல் வைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவில் செய்பவற்றை மட்டும் கிழமைக்குக் கிழமை மாற்றினார். இன்றைய வகுப்புகளில் முழங்காலை மடக்கித் தாழும் ‘பிளியே’ (பரத நாட்டியத்தின் அரைமண்டியை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும்) முதலில் வருவதும், பாதத்தைத் தரையோடு உரசி நீட்டும் ‘தாந்து’ அதைத் தொடர்வதும், கிரான் பத்மான் கடைசியில் நிற்பதும் காரணமுள்ள வரிசையே. மூட்டுகள் சூடேறும் முன் காலை உயர வீசுவது காயத்துக்கே வழி. எட்கர் தெகா 1877-இல் தீட்டிய ஓவியத்தில், கட்டையருகே பயிலும் இரு பெண்களுடன், புழுதி அடங்கத் தரையில் நீர் தெளிக்கும் பூவாளியும் இடம்பெற்றிருப்பது அக்காலப் பயிற்சிக்கூடத்தின் நிலையை நன்கு காட்டுகிறது.

ரஷ்ய ஆசிரியை அக்ரிப்பினா வாகனோவா, பிரெஞ்சு மென்மையையும் இத்தாலிய வலிமையையும் இணைத்து 1934-இல் வெளியிட்ட நூல் வழியே பரவிய முறையில், தொடக்க மாணவர் கட்டையை நோக்கி நின்று இரு கைகளாலும் பற்றுவர். அதன்பின் பக்கவாட்டில் நின்று ஒரு கையால் பற்றுவர். அதே அசைவுகளையே பின்னர் கட்டையின்றிக் கூடத்தின் நடுவில் செய்வர். கையின் அழுத்தம் மிகுந்தால் உடற்பாரம் நிற்கும் காலைவிட்டுக் கட்டையில் சாய்ந்துவிடும். சமநிலை கைகூடாமைக்கு இது ஒரு முதன்மையான காரணமாகும்.

நடனக் கலைஞர் லோத்தே பெர்க் 1959-இல் லண்டனில் தொடங்கிய உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வளர்ந்து, இன்று ‘பார்’ என்ற பெயரிலேயே நடத்தப்படும் வகுப்புகள் கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு நடுக்கூடப் பகுதியை விட்டுவிட்டன. உடல்நலத்துக்கு அவை போதுமானவையாக இருக்கலாம். பாலே நுட்பத்தைத் திருத்த விரும்புவோர்க்கு அவை பாதிப் பாடமே.