தீர்ந்த நோயும் தீராத கடமையும்



ஒரு நோய் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று எப்பொழுது சொல்வது? குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைப் பொறுத்தவரையில், இவ்வினாவுக்கு விடை காண மருத்துவ உலகத்திற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

1940களின் நடுப்பகுதி வரை இந்நோய் கண்ட குழந்தைகளைக் காக்கத்தக்க மருந்து ஏதும் இருந்ததில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ மரணம் நேர்ந்தது. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் 'அமினாப்டெரின்' என்ற மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. இச்செய்தி 1948 ஜூன் மாதம் வெளியாயிற்று. அம்மருந்தை உருவாக்கிய ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர் நம் நாட்டவரே. அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர். மருந்தின் வெற்றி வெளியான அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் காலமானார்.

ஆயினும் அன்று கிடைத்தது தணிவேயன்றிக் குணமன்று. சில மாதங்களில் நோய் திரும்பியது. பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தம் தூய்மையுற்றது. ஆனால் நோய் மூளையைச் சூழ்ந்த சவ்வுகளில் ஒளிந்திருந்து மீண்டும் தலைகாட்டியது. இரத்தத்திலுள்ள தீய பொருள்கள் மூளைக்குள் புகாதவாறு இயற்கை அமைத்த தடுப்பு, மருந்தையும் தடுத்துவிட்டது. காவலுக்கு அமைந்த அரணே பகைக்குப் புகலிடம் ஆயிற்று.

மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பெற்ற செயின்ட் ஜூட் மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கல். அவரும் அவர் குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் இப்புகலிடத்தையே தாக்கினர். தலைக்கு 2400 ராட் அளவு கதிர்வீச்சு அளித்தனர். முதுகுத்தண்டு நீரிலும் மருந்தைச் செலுத்தினர். ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் பிழைத்தனர். முன்பு அரிதாக இருந்த குணம் இப்பொழுது எதிர்பார்க்கக் கூடியதாயிற்று. அம்முறை விரைவில் பல நாடுகளிலும் பரவியது.

அக்குழந்தைகள் வளர்ந்தனர், படித்தனர், பணியில் அமர்ந்தனர். அவர்களுள் சிலருக்கு, பத்து அல்லது இருபது ஆண்டுகளுக்குப் பின், மூளையில் வேறொரு கட்டி தோன்றியது. இது பழைய நோயின் மீட்சியன்று, புதிய நோய். கதிர்வீச்சு புற்றணுக்களை அழிப்பதோடு, அருகிலுள்ள நல்ல அணுக்களின் மரபுப் பொருளையும் ஊறுபடுத்தக்கூடும். அவ்வூறு பல்லாண்டுகள் வெளிப்படாமல் கிடந்து, பின்னர்க் கட்டியாக உருவெடுக்கலாம்.

இதனை அளந்தறிய வட அமெரிக்காவில் 1994இல் ஒரு பேராய்வு தொடங்கியது. 1970 முதல் 1986 வரை பல்வகைப் புற்றுநோய்கள் கண்டு, ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்த பிள்ளைகளின் பிற்கால வாழ்வை அது தொடர்ந்து கவனித்தது. 14,000க்கு மேற்பட்டோரில் 116 பேருக்கு மூளையிலோ தண்டுவடத்திலோ புதிய கட்டி தோன்றியதாக 2006இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 40, 'கிளையோமா' என்னும் கொடிய வகை. அது தோன்றிய இடைக்காலம் 9 ஆண்டுகள். மூளையுறையில் எழும் 'மெனிஞ்சியோமா' 66 பேருக்கு வந்தது. இடைக்காலம் 17 ஆண்டுகள். கதிர்வீச்சின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடியது.

இவ்வெண்கள் அஞ்சுவதற்கல்ல. அவ்வாய்வுக் காலத்துள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இத்துன்பம் நேர்ந்தது. அச்சிகிச்சை இல்லாதிருந்தால் அவர்களுள் பலர் வளர்ந்தே இரார். மருத்துவர்களும் பாடம் கற்றனர். கதிர்வீச்சு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. எந்தக் குழந்தையின் தலைக்கும் முன்காப்பாகக் கதிர்வீச்சு அளிக்காமலே, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்து வாழ்வதை அதே செயின்ட் ஜூட் மருத்துவமனை 2009இல் எடுத்துக்காட்டியது. ஆனால் முன்பே கதிர்வீச்சுப் பெற்றவர்களுக்கும், சில மூளைக்கட்டிகளுக்காக இன்றும் அதனைப் பெறுபவர்களுக்கும் விழிப்பு தேவை. பம்பாயில் 1941இல் தொடங்கிய டாட்டா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிப்பதற்கென்றே 1991இல் ஒரு தனிப் பிரிவை அமைத்தது.

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்துள்ள நமக்கு இவ்வரலாறு ஒரு கடமையைச் சொல்கிறது. அடையாற்றில் சிகிச்சை பெற்ற பிள்ளை இன்று டில்லியிலோ கல்கத்தாவிலோ பணியாற்றலாம். புதிய ஊரின் மருத்துவருக்குப் பழைய கதை தெரியாது. எந்த ஆண்டு, என்ன மருந்து, உடலின் எப்பகுதிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்பவற்றைக் குறித்த சுருக்கக் குறிப்பு, பள்ளிச் சான்றிதழோடு வீடு மாறும்போதெல்லாம் உடன்வர வேண்டும். நீங்காத தலைவலி, வலிப்பு, பார்வை மாற்றம் ஆகியவை தோன்றினால் அக்குறிப்பை முதலில் காட்டவேண்டும்.

அதனினும் கடினமான கடமை ஒன்றுண்டு. திருமணப் பேச்சில் இடையூறு வரும் என்று அஞ்சி, மகளுக்குச் சிறு வயதில் வந்த நோயின் பெயரையே அவளிடம் மறைத்துவிடும் பெற்றோர் உளர். அந்த அச்சம் அன்பினால் எழுவதே. ஆனால் பெற்றோர் காலத்திற்குப் பின்னும் அவள் உடல் அச்செய்தியைச் சுமந்திருக்கும். அவளுக்கோ அது தெரியாது. உரிய வயதில் அவளிடமே அதனைச் சொல்லி, குறிப்பையும் அவள் கையில் ஒப்படைப்பதே முறையாகும்.