திண்ணை முதல் திரை வரை: சென்னையின் மேற்குப் புறநகரில் ஆசிரியர் – மாணவர் உறவு

நல்ல வாத்தியார் அமைவது பிள்ளையின் அதிர்ஷ்டம் என்று பெற்றோர் சொல்வதுண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் கல்வி வரலாறு இதற்கு வேறு விளக்கம் தருகிறது. ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் தனித்தனியே அறிந்துகொள்ள வகுப்பின் அமைப்பு எவ்வளவு இடம் கொடுத்ததோ, அவ்வளவுக்கே உறவும் வளர்ந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் பதிவு செய்தது. பள்ளிக்குச் சராசரியாக 15 பேர்! மணலில் விரலால் 'அ' எழுதும் பிள்ளையின் கையைத் திண்ணைப் பள்ளி வாத்தியார் தாமே பிடித்து எழுதவைக்க முடிந்த எண்ணிக்கை இது. அவர் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பது அரிது என்றும் மன்றோ குறித்திருக்கிறார். இந்த நெருக்கத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கோதண்டம் போட்டுத் தொங்கவிடும் தண்டனை அங்கே சாதாரணம். பெண் பிள்ளைகள் மிகச் சிலர். தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் திண்ணை எட்டவே இல்லை.

அதே திண்ணையிலிருந்து இன்னொரு முறையும் கிளம்பியது. எழும்பூர் ராணுவ ஆண் அநாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் மணலில் எழுதும் வகுப்பை ஒப்படைத்தார். மாணவரே மற்ற மாணவர்களுக்குச் சொல்லித்தரும் நம் சட்டாம்பிள்ளை முறையை ஒத்த இந்த ஏற்பாடு 1797இல் பெல் வெளியிட்ட நூலின் வழியே இங்கிலாந்து போய் 'மெட்ராஸ் முறை' ஆயிற்று. ஓர் ஆசிரியரைக்கொண்டு பல நூறு பேருக்குப் பாடம் நடத்தும் சிக்கன வழியாகவே அங்கே அது பரவியது. சட்டாம்பிள்ளை இங்கிலாந்து போனார். பதினைந்து பேரின் பெயரும் தெரிந்த வாத்தியார் போகவில்லை.

விடுதலைக்குப் பின் அம்பத்தூர், ஆவடி பகுதியின் முகம் மாறியது. 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள் நிறுவனத்தின் அம்பத்தூர் ஆலை, 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலை தேடிப் பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளால் வகுப்புகள் நிறைந்தன. பள்ளிக்கூடம் எல்லாருக்கும் திறந்தது பெரும் சாதனை. ஆனால் பிள்ளை எந்தத் தெரு, அப்பாவுக்கு எந்த ஷிப்ட் என்று தெரியாமலே ஆண்டு முழுக்கப் பாடம் நடத்தும் நிலையும் அதோடு வந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்க எடுத்த முயற்சிகளில் செயல்வழிக் கற்றலையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுதும் வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில், பிள்ளைகளின் வட்டத்துக்குள் உட்கார்ந்தார். சுவரடியில் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வேகத்தில் ஓர் அட்டை. நடைமுறைக் குறைகள் பல உண்டு. ஆயினும் ஆசிரியரின் கண்ணும் பிள்ளையின் கண்ணும் ஒரே உயரத்துக்கு வந்தது சிறிய மாற்றமல்ல.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியும் செல்பேசி வகுப்பும் பாடத்தைக் கொண்டுசேர்த்தன. வீட்டின் ஒரே போனை அப்பா கம்பெனிக்கு எடுத்துப்போனால் அன்றைக்கு வகுப்பு இல்லை. கேமரா அணைந்த கட்டத்துக்குள் இருக்கும் பிள்ளையிடம் "ஏம்மா, சாப்பிட்டியா?" என்று கேட்க வாய்ப்பில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகள் போதும் என்றது மத்திய அரசின் வழிகாட்டுதல். மிச்ச நேரத்தில் ஐந்து வீடுகளுக்குப் போன் போட்டுப் பேசுவது, விடைத்தாளில் பெயர் சொல்லி இரண்டு வரி எழுதுவது ஆகியவற்றால்தான் திரைவழி உறவு நிற்கும். நெருக்கத்துக்கு வரம்பும் வேண்டும். 2021 மே மாதம் சென்னையில் ஆசிரியர் ஒருவர் மீது எழுந்த பாலியல் புகாரை அடுத்து, இணைய வகுப்புகளைப் பதிவு செய்து ஆராயத் தமிழக அரசு உத்தரவிட்டது மிகச் சரியான முடிவு.

அதே ஆண்டு அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் தெருவுக்கே வந்து பாடம் சொல்லித்தந்தார்கள். 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையறிந்து கற்பிக்கச் சொன்னது.

இப்படி வளரும் உறவை நிர்வாக உத்தரவு ஒன்று அறுத்துவிடவும் கூடும். ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தின் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில், 2018 ஜூனில், இடமாற்றம் பெற்ற ஆங்கில ஆசிரியர் பகவானைப் போகவிடாமல் மாணவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆசிரியர் எண்ணிக்கை கூடுதல் என்பதே மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். உத்தரவு பத்து நாள் நிறுத்திவைக்கப்பட்டது. கூடுதல் ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றும் பணி நிரவல் தேவைதான். அதைப் பள்ளி திறந்த பிறகு செய்யாமல் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.