பாசறையில் எழுதிய கை

கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து எம்மிடம் பயில வரும் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு தகரப் பெட்டியைக் கொணர்ந்தார். பழைய இரும்புக்குப் போகவிருந்த பெட்டி. இராணுவத்தில் பணியாற்றி மறைந்த அவருடைய பாட்டனார் வீட்டுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் அதில் இருந்தன. அனுப்புநர் முகவரியில் ஊர்ப் பெயர் இல்லை. படைப்பிரிவும் '56 ஏ.பி.ஓ.' என்னும் அஞ்சல் எண்ணும் மட்டுமே. லடாக்கில் இருந்தாலும் இராஜஸ்தானத்தில் இருந்தாலும் அதே எண்தான். மழை உண்டா, மாடு ஈன்றதா, சுவேத நதியில் தண்ணீர் வந்ததா என்று கேள்விகளாகவே கடிதங்கள் நிறைந்திருந்தன. தம்மைப் பற்றி 'நலம்' என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

நம் இலக்கியத்தில் பாசறைக்குக் குறைவில்லை. முல்லைப்பாட்டின் பாசறையை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அங்கே மன்னன் உறக்கமின்றி இருக்கிறான். காவல் நிற்கும் மிலேச்சரோ வாய் பேசாதவர்கள். நெடுநல்வாடையில் நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காண அரசன் வருகிறான். புண்பட்டவன் என்ன நினைத்தான் என்பதை நக்கீரர் நமக்குச் சொல்வதில்லை.

முதல் உலகப் போரில் அவன் வாய் திறந்தான். உடனே தணிக்கையாளரும் வந்து அமர்ந்தார். 1914இல் இந்தியத் துருப்புகள் பிரான்சில் இறங்கியபின், அவர்களுடைய கடிதங்களைப் படித்து ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையிட ஓர் அலுவலகமே இயங்கியது. இன்று ஆய்வாளர் கையில் உள்ளவை பெரும்பாலும் அம்மொழிபெயர்ப்புகளே. வீரர்கள் சளைக்கவில்லை. இந்தியரைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் குறித்து, எது தீர்ந்துவருகிறது என்று ஊருக்கு எழுதினார்கள். ஆனால் தணிக்கை ஒரு முனையில்தான் இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. எழுதத் தெரியாதவன் இன்னொருவன் கையால் எழுதினான்; வீட்டில் இன்னொருவர் உரக்கப் படித்தார். மாணவரின் பாட்டியாருக்கும் தபால்காரரே படித்துக் காட்டியிருக்கிறார். ஊர் கேட்கப் படிக்கப்படும் கடிதத்தில் எவன் தன் அச்சத்தை எழுதுவான்?

நாட்குறிப்பு வேறு வகை. எதிரி கையில் சிக்கும் என்று கருதிப் போர்முனையில் நாட்குறிப்பு எழுதுவதைப் பிரிட்டிஷ் இராணுவம் தடுத்திருந்தது. எழுதியவர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஜெய்ப்பூரைச் சேர்ந்த கானோட்டா அமர்சிங் 1898இல் தொடங்கி, சீனம், பிரான்சு, மெசபடோமியா எங்கும் விடாமல், 1942இல் இறக்கும்வரை 89 தொகுதிகள் எழுதினார். அவர் அதிகாரி, மேசையும் விளக்கும் கிடைத்திருக்கும்.

எம்மைத் தொட்டவர் சிசிர் சர்வாதிகாரி. வங்க ஆம்புலன்ஸ் படையில் தொண்டராகச் சேர்ந்து 1915இல் மெசபடோமியா சென்றவர். ஐந்து மாதம் நீடித்த குட் முற்றுகையில் சிக்கி, 1916 ஏப்ரல் 29இல் ஏறத்தாழ 13,000 பேரோடு துருக்கியரிடம் கைதியானார். அப்போது நாட்குறிப்பைக் கிழித்துத் தாள்களைப் பூட்சுக்குள் திணித்துக்கொண்டார். பின்பு வேறொரு ஏட்டில் எழுதினார். டைகிரிஸைக் கடக்கையில் அது நனைந்தது, உலர்த்திக்கொண்டார். ஒருமுறை மண்ணில் புதைத்தும் காத்தார். பாலைவன நடையில் வீழ்ந்த தோழர்களையும், ஆர்மீனியருக்கு நேர்ந்த கொடுமையையும் அத்தாள்கள் சுமந்து வந்தன. 'அபி லே பாக்தாத்' என்னும் நூலாக அது வங்கமொழியில் வெளிவர நாற்பதாண்டு ஆயிற்று. ஒரு ஜோடிப் பூட்சு இல்லையெனில் இந்த நூல் இல்லை என்று நினைக்கையில் நமக்கு உடல் சிலிர்க்கிறது.

அதே மெசபடோமியாவில் சென்னைச் சாப்பர்களும் பாலம் கட்டினார்கள், சாலை போட்டார்கள். 'தம்பிகள்' என்று படையில் செல்லமாக அழைக்கப்பட்டவர்கள். தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று பொறித்த கல் இன்றும் இருக்கிறது. எண் உண்டு, பெயர் இல்லை. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதிய மரபினருக்கு இது எத்தகைய இறக்கம்!

பெட்டிக்கு வருவோம். அடியில் கையகலக் குறிப்பேடு ஒன்று கிடந்தது. பாதிக்குமேல் சம்பளக் கணக்கு, மணியார்டர் கணக்கு. இடையிடையே தேதியும் ஒற்றைச் சொல்லும்: பனி. மறுநாளும் பனி. ஓரிடத்தில் மட்டும் தேதிக்கு எதிரே ஓர் ஆளின் பெயர், இருமுறை அடிக்கோடிட்டு. அடுத்த ஒன்பது நாள்களுக்கு எதுவும் எழுதப்படவில்லை. அது யாரென்று மாணவர் பாட்டியாரிடம் கேட்டிருக்கிறார். அப்படியொரு பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.