குமாஸ்தாவின் காமெரா

ஹாரி கலஹனைப் பற்றி எழுத எனக்கிருக்கும் ஒரே தகுதி, அவரும் ஒரு காலத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் என்பதுதான். 1912இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு கிரைஸ்லர் மோட்டார் கம்பெனியில், சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தார். 1938இல் பொழுதுபோக்காகப் படமெடுக்கத் தொடங்கினார். 1941இல் டெட்ராய்ட் வந்த ஆன்ஸல் ஆடம்ஸின் படங்களைப் பார்த்தபிறகு அது பொழுதுபோக்காக நிற்கவில்லை. 1946இல், ஜெர்மனியின் பவ்ஹவுஸிலிருந்து வந்த மொஹோலி-நாகி சிகாகோவில் நடத்திய டிசைன் பள்ளியில், பட்டமோ முறையான பயிற்சியோ இல்லாத இந்த மனிதர் ஆசிரியரானார். 1961இல் ராட் ஐலண்ட் டிசைன் பள்ளிக்குப் போய் 1977வரை கற்பித்தார்.

முப்பது வருஷ ஆசிரிய வாழ்க்கை. ஆனால் அவர் பெயரில் ஒரு கோட்பாடு இல்லை. கடிதம், நாட்குறிப்பு என்றும் அநேகமாக எதுவும் விட்டுச்செல்லவில்லை. மொஹோலி-நாகி ஒளியைப் பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். கலஹனோ காலையில் தெருக்களில் நடந்து படமெடுத்தார், பிற்பகலில் தேறியவற்றை அச்சிட்டுப் பார்த்தார். 1999இல் இறந்தபோது சுமார் 1,00,000 நெகடிவ்கள் இருந்தன. வருஷத்துக்கு ஐந்தாறு படங்கள் தேறினால் அதிகம் என்பது அவர் கணக்கு.

எடுத்தவையும் பெரிய விஷயங்கள் அல்ல. வெள்ளை வானத்தின் முன் ஒரு களைச்செடியின் மெல்லிய கோடு. 1950இல், சிகாகோ தெருவில் தமக்குள் மூழ்கி நடக்கும் பெண்களின் முகங்கள். திரும்பத் திரும்ப மனைவி எலனார். 1949இல் எடுத்த படத்தில், ஏரித் தண்ணீருக்கு மேலே கண்மூடிய அவர் முகம் மட்டும் தெரிகிறது. அந்தப் படத்தில் கணவனின் உரிமை தெரியவில்லை. பார்ப்பவனின் தயக்கம்தான் தெரிகிறது.

பேசாத ஆசிரியர் என்றதும் நமக்குக் கல்லால மரத்தடி தட்சிணாமூர்த்தி ஞாபகம் வந்துவிடும். இந்த ஒப்புமையை நான் சந்தேகிக்கிறேன். மௌனத்தைப் பீடமாக்கி அதன்மேல் உட்கார்ந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கலஹனின் மௌனத்தில் மர்மம் எதுவும் இல்லை. உங்கள் வாழ்க்கையையே படமெடுங்கள் என்பதுதான் அவர் மாணவர்களிடம் வேண்டியது. அதைத் தானும் செய்துகொண்டிருந்தார். அவரிடம் படித்த எம்மெட் கோவின், தன் மனைவி ஈடித்தையும் அவள் குடும்பத்தையும் பல வருஷங்கள் படமெடுத்தார். அவை எலனார் படங்களின் நகல்கள் அல்ல. இன்னொரு மாணவரான ரே மெட்ஸ்கர், ஒரு முழு ஃபிலிம் சுருளையே ஒரே படமாக்கும் வழிக்குப் போனார். இருவரும் எடுத்துக்கொண்டது பாணியை அல்ல, வேலை செய்யும் ஒழுங்கை.

எனக்கு இது சௌகரியமான முடிவு அல்ல. கேஷ் டாலியாகி வங்கியைவிட்டு வெளியே வரும்போது, இந்த உத்தியோகம்தான் என்னை எழுதவிடாமல் செய்கிறது என்று பத்து வருஷமாக நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். அதே பத்து வருஷத்தில் பிறர் கவிதைகளைப் பற்றி எழுத எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது, இந்தக் கட்டுரை உட்பட. கிழித்தெறிந்த கவிதைகள் எத்தனை என்று கேட்டால் ஒரு கை விரல்கள் போதும். தேறாததை எடுக்கத் துணியாதவனுக்கு அந்த ஐந்தாறும் கிடைப்பதில்லை.