குதிரையும் கூடும்: மர இயர்போனை மதிப்பிடுவதில் வீணைச் சான்றின் இடம்

விலை உயர்ந்த மர இன்-இயர் மானிட்டர்களைப் பற்றிய விவாதத்தில் வீணை அடிக்கடி சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. பலா மரமும் கருமரமும் வீணைக்கு நாதம் தருகின்றன. ஆகவே ஈட்டி மரத்தில் கடைந்த இயர்போன் கூடும் நாதம் தரும் என்பது ஒரு தரப்பு. எதிர்த் தரப்பு இயற்பியலாளர் சி.வி. இராமனைத் துணைக்கு அழைக்கிறது: வீணையின் ஒலிக்குக் காரணம் தந்தியைத் தாங்கும் குதிரை என்று அவர் 1921இலேயே காட்டிவிட்டார், வீணையிலேயே மரம் வெறும் அலங்காரம்தான், இயர்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்கிறது. முதல் தரப்பை மறுப்பது எளிது. இரண்டாவது தரப்பு அறிவியலின் குரலில் பேசுவதால் அதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அது சரியான முடிவுக்குத் தவறான வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது என் வாதம். வழி தவறியதால், மதிப்பீட்டுக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒன்றை அது வழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

இராமனின் கட்டுரை ஐந்து பக்கமே. கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழக நடவடிக்கைகளில் வெளியானது. தம்பூராவையும் வீணையையும் ஒருசேர எடுத்துக்கொண்டு, யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி இவ்விரண்டிலும் பொய்த்துப்போவதை அது காட்டுகிறது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட சுயம்பு சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது விதி. சரியாக நடுவில் மீட்டினால் இரண்டாம் சுயம்பு சுரம் பிறக்கக் கூடாது. தம்பூராவிலும் வீணையிலும் அது பிறக்கிறது, அதுவும் ஓங்கிப் பிறக்கிறது. தந்தி ஒரு கூர்முனையில் முடியாமல், மெல்ல வளைந்த குதிரையின் மேல் உரசியபடி விலகுவதே இதற்குக் காரணம் என்கிறார் இராமன். தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால் ஒலி திறப்பதும் மூடுவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

‘குதிரையே எல்லாம்’ என்ற முடிவுக்கு வருபவர்கள் இக்கட்டுரையின் கேள்வியைக் கவனிக்கவில்லை. எந்தெந்தச் சுயம்பு சுரங்கள் பிறக்கின்றன என்பதே இராமனின் கேள்வி. பிறந்தவை எப்படி வெளியே வருகின்றன என்பது வேறு கேள்வி. வீணையின் குதிரை காற்றில் தொங்கவில்லை, பலகையின் மேல் நிற்கிறது. தந்தி குதிரையை உலுக்குகிறது, குதிரை பலகையை உலுக்குகிறது, பலகையும் குடமும் காற்றை அசைக்கின்றன. மெல்லிய தந்தி தானாக அசைக்கும் காற்று கொஞ்சமே. எஞ்சிய வேலை முழுவதும் மரத்தின் வேலை. பிறப்பைப் பற்றிய சான்றை வெளிப்பாட்டைப் பற்றிய சான்றாக வாசிப்பது, விதை நெல்லைப் பற்றிய அறிக்கையைக் கொண்டு வயலுக்கு வரப்பு தேவையில்லை என்று சொல்வது போன்றது.

இராமன் இரண்டு வாத்தியங்களை ஒன்றாக எடுத்துக்கொண்டதை யாரும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. பல தம்பூராக்களின் குடம் சுரைக்காய். வீணையின் குடம் கடைந்த மரம். இரண்டிலும் ஒரே விளைவு தெரிகிறது என்றால் அந்த விளைவுக்கு மரம் காரணமாக இருக்க முடியாது. இதுவரை எதிர்த் தரப்பு சொல்வது சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டாலும் நமக்குத் தம்பூரா எது, வீணை எது என்று தெரிகிறது. தந்தியும் மீட்டும் முறையும் தரும் வேறுபாட்டைக் கழித்த பிறகும் மிஞ்சுவது ஒன்று உண்டு. மரத்துக்கு உரிய இடம் அந்த மிச்சத்தில்தான். கட்டுரை அதை மறுக்கவில்லை, அதற்குள் நுழையவே இல்லை.

இனி இயர்போனுக்கு வருவோம். வீணையில் மரம் செய்யும் வேலை இங்கே யாருக்கு? டிரைவரின் அதிர்தகடு, மூடிய செவிக்குழாயில் உள்ள சிறிதளவு காற்றை நேரடியாக அசைக்கிறது. அதற்குப் பலகை தேவையில்லை. கூடு அதிர்ந்து ஒலி பரப்ப வேண்டியதில்லை. அதிராமல் இருப்பதே அதற்கு அழகு. ஆகவே வீணைக் குடத்தையும் இயர்போன் கூட்டையும் ‘மரம்’ என்ற ஒரே சொல்லால் இணைப்பது, சுருதிக் கட்டையும் விறகுக் கட்டையும் ஒன்று என்பதைப் போன்றது. எதிர்த் தரப்பின் முடிவு இந்த வழியில்தான் நிலைபெறுகிறது. மரத்துக்கு வீணையில் வேலை இருப்பதாலேயே இயர்போன் கூட்டில் அதற்கு அந்த வேலை இல்லை என்று தெளிவாகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் மரத்தை அதிர்தகட்டிலேயே வைத்தது. ஒலிபெருக்கிக் கூம்புக்காக பிர்ச் மரத் தகட்டை சாகே மதுவில் ஊறவைத்து வளைத்த அந்நிறுவனம், 2008 முதல் இயர்போன்களிலும் மரத் தகட்டைக் கொண்டுவந்தது. அந்த வரிசையின் பத்தாம் ஆண்டு நினைவாக 2018இல் எஃப்டபிள்யூ10000 என்ற இயர்போன் வந்தது. இங்கே மரம் ஒலியின் பாதையில் இருக்கிறது. ஆனாலும் மெல்லிய தகட்டின் விறைப்பும் தன்னுள் அதிர்வை அடக்கும் தன்மையும்தான் வேலை செய்கின்றன. வீணையின் ஆவி அதில் குடியேறவில்லை. மரக் கூடு, மரத் தகடு என்ற இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் மதிப்பிடுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

அப்படியானால் மரக் கூடு உள்ள கருவியில் பலர் கேட்கும் ‘கதகதப்பு’ எங்கிருந்து வருகிறது? மைசூரில் என் மேசையில் ஈட்டி மரக் கூடு கொண்ட ஓர் இயர்போனை வைத்து, மைசூர்ப் பாணி வீணைக் கலைஞர் வி. தொரைசாமி ஐயங்காரின் (1920–1997) பதிவு ஒன்றைக் கேட்டேன். சுரத்துக்குச் சுரம் மீட்டு தெளிவாக விழும் வாசிப்பு, ஆகவே சோதனைக்கு ஏற்றது. அனுமந்தரத் தந்தி ஒலிக்கும் இடத்தில் ரப்பர் முனையை விரல்நுனியால் மிகக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். கார்வையின் அடிப்பாகம் உதிர்ந்து, கம்பிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. உள்ளே தள்ளியதும் அடிநாதம் திரும்பி வந்தது. ஒரு சுற்று பெரிய முனையை மாட்டியபோது ‘மர நாதம்’ இன்னும் கூடியது. மரம் அப்படியேதான் இருந்தது. காற்றுக் கசிவு கீழ்சுரங்களை விழுங்கும் என்பது ஒலியியலில் பழைய செய்தி. அதை மரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் புதிது. ஒரு காது, ஒரு கருவி, அளவீட்டுக் கருவி இல்லாத ஒரு மாலை: இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எவரும் அரை நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

இங்கேதான் எதிர்த் தரப்பு வழியில் விட்டுவந்த பொருள் கிடைக்கிறது. இராமனின் கட்டுரை கற்றுத்தருவது, ஒலி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தைப் பார் என்பதே. வீணையில் அது குதிரை. இயர்போனில் அது ரப்பர் முனை செவிக்குழாயைத் தொடும் வளையம். இரண்டிலும் பரப்பு சிறிது, மயிரிழை மாற்றமும் கேட்கிறது, பார்ப்பவர் கண் அங்கே போவதில்லை. உவமையை எல்லை மீறி இழுக்கக் கூடாது. குதிரை சுயம்பு சுரங்களைப் பிறப்பிக்கிறது, முனை இருப்பதைக் காக்க மட்டுமே செய்கிறது. ஆயினும் மதிப்பீடு தொடங்க வேண்டிய இடம் எது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

சில ஆட்சேபங்கள் உண்டு. பழகப் பழக வீணை திறப்பதுபோல மரக் கூடும் திறக்கும் என்கிறார்கள். தந்தியின் இழுவிசையும் குதிரையின் அழுத்தமும் இல்லாத கூட்டில் திறப்பதற்கு என்ன இருக்கிறது? மரக் கருவியும் உலோகக் கருவியும் வேறாக ஒலிக்கின்றனவே என்றால், அவற்றின் உள்வெளியும் காற்றுத் துளையும் டிரைவரும் வேறானவை. இரு சரக்குகளை ஒப்பிடுவது இரு பொருள்களை ஒப்பிடுவது ஆகாது. கண்ணைக் கட்டிச் சோதிக்கலாம் என்பது மட்டும் யோசிக்கத்தக்கது. ஆனால் காது எடையையும் தோலில் படும் மரத்தின் இதத்தையும் கண்ணில்லாமலே அறியும். ‘கதகதப்பு’ என்ற சொல்லில் ஒரு பங்கு தொடு உணர்வே என்று நினைக்கிறேன்.

இந்தச் சோதனைக்கு மைசூரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சேஷண்ணாவின் (1852–1926) வீணை மரபும், ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்யும் கைகளும், மானசகங்கோத்ரியின் அகில இந்திய பேச்சு, கேட்பு நிறுவனமும் ஒரே ஊரில் இருக்கின்றன. வாத்தியத்தையும் மரத்தையும் காதையும் தனித்தனியாக அறிந்த ஊர் இது. இங்கே பதிப்பு வேலையை மெச்சுகிறவர், முன்பு தந்தத்திலும் இப்போது பிளாஸ்டிக்கிலும் பதித்த யானை உருவம் நாதம் தருகிறது என்று சொல்வதில்லை. வேலை நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பணம் கொடுக்கிறார். மரக் கூட்டுக்கும் அதே மரியாதை போதும். நடைமுறையில் நான் கேட்பது சிறியது: மர இயர்போனை மதிப்பிடுபவர் எந்த அளவு முனையை மாட்டினார், காற்று கசியாமல் அது காதை அடைத்ததா என்று முதலில் எழுதட்டும், கார்வை எவ்வளவு நேரம் நிற்கிறது, அதனுள் கமகம் தெளிவா என்று அடுத்து எழுதட்டும். மரத்தின் பெயர் கடைசி வரியில் வந்தால் போதும்.